கைப்பேசி வாங்க ஒப்பந்தமா, தவணையா? கையெழுத்திடும் முன் போடவேண்டிய கணக்கு

புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெஸ்ட் மால் பக்கம் நடப்போரில் கையில் திறன்பேசி இல்லாதவரைக் காண்பது அரிது. சிங்பாஸ், வங்கிக் கணக்கு, சிடிசி பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பள்ளி அறிவிப்பு, மருந்தக முன்பதிவு என அன்றாட வேலைகள் பலவும் அதற்குள் வந்துவிட்டன. இதனால் கைப்பேசி பழுதாகிவிட்டால் அடுத்ததை வாங்குவதைத் தள்ளிப்போட முடிவதில்லை. அந்த அவசரத்தில்தான் பலரும் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டுப்படும் தாளில் கையெழுத்திட்டு விடுகின்றனர்.

விலை உயர்ந்த கைப்பேசியை ஒரே மூச்சில் பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு குறைந்த விலையில் கைப்பேசியைப் பெறுவது. மற்றொன்று, கைப்பேசியை முழு விலைக்குத் தவணையில் வாங்கி, அதற்கு ஒப்பந்தம் இல்லாத மலிவான ‘சிம் மட்டும்’ சேவையைத் தனியாகப் பெறுவது. எது சிக்கனமானது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால், தம் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை எவரும் சில நிமிடங்களில் கணக்கிட்டுவிடலாம்.

ஒப்பந்தத்தில் கிடைக்கும் ‘தள்ளுபடி’

ஒப்பந்தத் திட்டத்தில் வாடிக்கையாளர் பொதுவாக 24 மாதங்களுக்கு அதே நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்த உறுதியளிக்கிறார். அதற்கு ஈடாக நிறுவனம் கைப்பேசியின் விலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. மாதக் கட்டணம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குத் தள்ளுபடியும் கூடும். சில மாடல்களுக்கு முன்பணமே தேவையில்லை என்றும் விளம்பரம் வரும்.

நிறுவனம் ஏற்கும் அந்தத் தொகை மாதக் கட்டணத்தின் வழியாக மெல்ல மெல்லத் திரும்ப வசூலாகிறது. எனவே இதைத் தள்ளுபடி என்பதைவிட, விலைச்சீட்டில் தென்படாத கடன் என்று எண்ணுவது கணக்கை எளிதாக்கும்.

சிங்கப்பூரில் இந்த முறை வேரூன்றியதற்குப் போட்டியே காரணம். 1997 ஏப்ரலில் எம்1 சேவையைத் தொடங்கியபோது சிங்டெல்லுக்கு முதன்முறையாக ஒரு போட்டியாளர் வந்தது. 2000 ஏப்ரலில் ஸ்டார்ஹப் சேர்ந்துகொண்டது. வாடிக்கையாளர்களை ஈர்க்கவும் தக்கவைக்கவும் கைப்பேசி விலையைக் குறைத்துக் காட்டுவது நல்ல உத்தியாக அமைந்தது. 2008 ஆகஸ்ட்டில் ஐஃபோன் இங்கு அறிமுகமானபோது சிங்டெல் வழியாக மட்டுமே கிடைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் மற்ற இரு நிறுவனங்களும் அதை விற்கத் தொடங்கின.

நிலைமை எப்படி மாறியது?

2008 ஜூனில், எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்துக்கு முழுமையாக மாறிக்கொள்ளும் வசதி நடப்புக்கு வந்தது. ‘நம்பர் போய்விடுமே’ என்ற தயக்கம் அதோடு நீங்கியது. 2016இல் சர்க்கிள்ஸ்.லைஃப் ஒப்பந்தமில்லா சேவையுடன் வந்தது. 2019இல் சிங்டெல் ‘கோமோ’வையும் ஸ்டார்ஹப் ‘கீகா’வையும் அறிமுகம் செய்தன. நான்காவது கட்டமைப்பு நிறுவனமாக வந்த டிபிஜி, 2022இல் சிம்பா எனப் பெயர் மாறி, குறைந்த கட்டணத் திட்டங்களை விற்கிறது.

இவற்றால் ‘சிம் மட்டும்’ சேவைகளின் விலை கணிசமாகக் குறைந்தது. சேவை மலிவானபோது, கைப்பேசி விலையை மாதக் கட்டணத்துக்குள் ஒளித்து வைத்திருந்த பழைய ஒப்பந்தங்கள் ஒப்பீட்டில் விலை கூடியவையாகத் தெரியத் தொடங்கின. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இப்போது கைப்பேசிக்குத் தனித் தவணை, சேவைக்குத் தனிக் கட்டணம் என்ற வகைத் திட்டங்களை விற்கின்றன.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய மாற்றமன்று. அமெரிக்காவில் டி-மொபைல் 2013இல் ஒப்பந்தத் தள்ளுபடி முறையைக் கைவிட்டது. வெரைசன் 2015இலும் ஏடி&டி 2016 தொடக்கத்திலும் ஈராண்டு ஒப்பந்தங்களை நிறுத்தின. ஜப்பான் 2019 அக்டோபரில் சேவைக் கட்டணத்தையும் கைப்பேசி விலையையும் பிரிக்கும்படி சட்டம் கொண்டுவந்து, தள்ளுபடிக்கு உச்சவரம்பு விதித்தது. இந்தியாவில் தொடக்கம் முதலே கைப்பேசியைத் தனியாக வாங்கி, முன்கட்டணச் சேவையைப் பயன்படுத்துவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். தமிழகத்திலிருந்து இங்கு புதிதாக வருவோர் பலர் ஒப்பந்த முறையைக் கண்டு குழம்புவதற்கு அதுவே காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழ்க்காணும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. படிப்பவர் தமக்குக் கடையில் சொல்லப்படும் விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கைப்பேசியின் கடை விலை 1,400 வெள்ளி என வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் அது 500 வெள்ளிக்குக் கிடைக்கிறது. மாதக் கட்டணம் 70 வெள்ளி. 24 மாதங்களில் மொத்தச் செலவு 2,180 வெள்ளி.

அதே கைப்பேசியை 1,400 வெள்ளிக்கு வட்டியில்லாத் தவணையில் வாங்கி, மாதம் 20 வெள்ளிக்கு ‘சிம் மட்டும்’ சேவையைச் சேர்த்தால் மொத்தம் 1,880 வெள்ளி. இங்குத் தவணை வழியில் 300 வெள்ளி மிச்சம்.

ஆனால், அதே குடும்பத்துக்குக் கூடுதல் தரவும் வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியும் தேவைப்பட்டு, அதற்கேற்ற ‘சிம் மட்டும்’ சேவை மாதம் 40 வெள்ளி ஆகிறது எனில், மொத்தம் 2,360 வெள்ளியாகிறது. இப்போது ஒப்பந்தமே 180 வெள்ளி மலிவு.

இதிலிருந்து எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது. ஒப்பந்தம் தரும் தள்ளுபடியை 24ஆல் வகுக்கவேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 900 வெள்ளியை வகுத்தால் மாதத்துக்கு 37.50 வெள்ளி. ஒப்பந்தக் கட்டணத்துக்கும் தமக்குப் போதுமான ‘சிம் மட்டும்’ கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தொகையைவிட அதிகமாக இருந்தால் தவணை நல்லது. குறைவாக இருந்தால் ஒப்பந்தம் நல்லது.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் பலரும் தவறுகின்றனர். முதலாவது, தள்ளுபடியை நிறுவனம் அறிவிக்கும் முழு விலையிலிருந்து கழித்துப் பார்ப்பது. அதே கைப்பேசி வெளிக்கடையிலோ இணையத்திலோ 100 வெள்ளி குறைவாகக் கிடைக்கிறது என்றால், உண்மையான தள்ளுபடியும் 100 வெள்ளி குறைவுதான். இரண்டாவது, தமக்குத் தேவைப்படாத தரவையும் ஆதாயமாக எண்ணுவது. கடந்த மூன்று மாதக் கட்டணச் சீட்டுகளில் உண்மையில் எவ்வளவு தரவு செலவானது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். வீட்டிலும் வேலையிடத்திலும் வைஃபை இருப்பவருக்குப் பெரிய திட்டம் தேவைப்படாமல் இருக்கலாம். வாரந்தோறும் ஜோகூர் பாருவுக்குச் செல்பவருக்கும் ஆண்டுக்கு இருமுறை தமிழகம் சென்றுவருபவருக்கும் வெளிநாட்டுத் தரவு சேர்ந்த திட்டம் உண்மையிலேயே மிச்சம் தரலாம்.

மூன்றாம் ஆண்டில் வெளிப்படும் இழப்பு

இரு வழிகளுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு 25ஆவது மாதத்தில்தான் வெளிப்படுகிறது. தவணை முடிந்தால் அந்தத் தொகை தானாக நின்றுவிடும். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும், வாடிக்கையாளர் எதுவும் செய்யாவிட்டால், அதே மாதக் கட்டணம் தொடரும். கைப்பேசிக்கான பங்கை ஏற்கெனவே கட்டி முடித்தவர், அதே தொகையைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டிருப்பார்.

மேற்கண்ட எடுத்துக்காட்டையே மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்துப் பார்க்கலாம். ஒப்பந்தச் செலவு 3,020 வெள்ளி. 40 வெள்ளி ‘சிம் மட்டும்’ சேவையுடன் தவணைச் செலவு 2,840 வெள்ளி. இரண்டாம் ஆண்டு முடிவில் 180 வெள்ளி மலிவாக இருந்த ஒப்பந்தம், மூன்றாம் ஆண்டு முடிவில் 180 வெள்ளி அதிகமாகிவிடுகிறது. 20 வெள்ளி சேவையுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 900 வெள்ளி.

ஆகவே ஒப்பந்தம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைப்பது அவசியம். அந்த நாளில் கைப்பேசி நன்றாக இயங்கினால், அதே எண்ணுடன் மலிவான சேவைக்கு மாறிக்கொள்ளலாம். மின்கலம் மட்டுமே தளர்ந்திருந்தால் அதை மாற்றுவது, புதிய கைப்பேசி வாங்குவதைவிடப் பல மடங்கு மலிவு.

எல்லாத் தவணையும் ஒன்றல்ல

‘தவணை’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகைகள் உள்ளன.

முதலாவது, தொலைத்தொடர்பு நிறுவனமே தரும் தவணை. கைப்பேசித் தொகை மாதச் சீட்டில் தனி வரியாக வரும். சேவையை இடையில் நிறுத்தினால் எஞ்சிய கைப்பேசித் தொகையை ஒரேயடியாகச் செலுத்த நேரிடும் என்பதால், இதுவும் ஒருவகையில் கட்டுப்பாடுதான்.

இரண்டாவது, வங்கிக் கடன்பற்று அட்டை வழியாகப் பெறும் வட்டியில்லாத் தவணை. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் கடன்பற்று அட்டை பெற, பொதுவாக ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி இருக்கவேண்டும். கைப்பேசியின் முழு விலையும் முதல் நாளே அட்டையின் கடன் வரம்பிலிருந்து கழிக்கப்படும். அட்டைக் கட்டணத்தை மாதாமாதம் முழுமையாகச் செலுத்துவோருக்கு மட்டுமே இது வட்டியில்லாதது. தவறினால் தாமதக் கட்டணத்துடன் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டி சேரக்கூடும்.

மூன்றாவது, ‘இப்போது வாங்கி, பின்னர் செலுத்தும்’ சேவைகள். இவற்றுக்கான நடத்தை நெறிமுறை 2022 அக்டோபரில் வெளியானது. கூடுதல் கடன் தகுதிச் சோதனை இல்லாமல் ஒரு நிறுவனத்திடம் ஒருவரது நிலுவை 2,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. தவணை தவறினால் கணக்கு முடக்கப்படும். மாதங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு தவணையும் பெரிதாக இருக்கும்.

கடைகளே தரும் தவணைகளில் ‘5 விழுக்காடுதான் வட்டி’ என்று சொல்லப்பட்டால், அது நிலையான வட்டியா, உண்மை வட்டியா என்று கேட்கவேண்டும். 1,400 வெள்ளிக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு நிலையான வட்டி என்றால், ஈராண்டில் 140 வெள்ளி கூடுதல். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும், முழுத் தொகைக்கே வட்டி போடப்படுவதால், உண்மை வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காட்டுக்கும் மேல்.

யாருக்கு எது பொருந்தும்?

நிலையான வருமானமும் கட்டணத்தைத் தவறாமல் செலுத்தும் பழக்கமும் உள்ளவர், கைப்பேசியை மூன்று, நான்கு ஆண்டுகள் வைத்திருப்பவர் எனில், தவணையும் ‘சிம் மட்டும்’ சேவையும் பெரும்பாலும் சிக்கனமாக அமையும்.

ஈராண்டுக்கு ஒருமுறை உயர்ரகக் கைப்பேசிக்கு மாறுபவர், அதிகத் தரவும் வெளிநாட்டு வசதியும் உண்மையாகவே பயன்படுத்துபவர், கடன்பற்று அட்டை இல்லாதவர் ஆகியோருக்கு ஒப்பந்தம் பொருந்தலாம்.

வேலை அனுமதியில் இருக்கும் ஊழியர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். அனுமதி முடியும் நாளுக்கும் ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் இடைவெளி இருந்தால், ஊர் திரும்பும்போது முன்கூட்டியே முறித்ததற்கான கட்டணம் தலையில் விழும். நிறுவனங்கள் முன்வைப்புத் தொகையும் கேட்கலாம். அவர்களுக்கு முன்கட்டணச் சேவையும், தெக்கா வட்டாரத்திலோ வேறிடத்திலோ ரசீதுடன் வாங்கும் நடுத்தர விலைக் கைப்பேசியும் பாதுகாப்பான தேர்வாக இருக்கும். பழைய கைப்பேசி வாங்கினால் அது 4ஜி சேவைக்கும் 4ஜி வழி அழைப்புகளுக்கும் பொருந்துமா என்று பார்ப்பது அவசியம். 2ஜி சேவை 2017லும் 3ஜி சேவை 2024லும் இங்கு முடிவுக்கு வந்துவிட்டன.

மூத்தோருக்கு வேறு வழியும் உண்டு. குறைந்த வருமான மூத்தோர் சலுகை விலையில் திறன்பேசியும் சேவையும் பெறும் திட்டத்தை அரசாங்கம் 2020இல் தொடங்கியது. தற்போதைய உதவித் திட்டங்களுக்குத் தகுதி உண்டா என்பதைச் சமூக மன்றங்களில் உள்ள மின்னிலக்க உதவி முகப்புகளில் கேட்டறியலாம்.

அடுத்தவருக்காகக் கையெழுத்து

‘பெயர் மட்டும் உங்களுடையது, கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன்’ என்று உறவினரோ உடன் வேலை செய்பவரோ கேட்பது நம் குடும்பங்களில் புதிதல்ல. மறுத்தால் உறவு கெடும் என்று தயங்கிச் சம்மதிப்போரும் உண்டு. ஆனால் சட்டத்தின் பார்வையில் கடன் கையெழுத்திட்டவருடையது. கட்டணம் நின்றுபோனால் நிறுவனமும், பின்னர் கடன் வசூலிப்போரும் தேடிவருவது அவரைத்தான்.

இதைவிடக் கொடிய வடிவமும் உண்டு. பணத்தேவையில் இருப்பவர்களிடம், ‘உங்கள் பெயரில் சில ஒப்பந்தங்கள் எடுத்து, கைப்பேசிகளையும் சிம் அட்டைகளையும் தாருங்கள், கையில் ரொக்கம் தருகிறோம்’ என்று ஆசைகாட்டுவோர் உள்ளனர். ரொக்கம் ஒரு நாளில் செலவாகிவிடும்; கட்டணம் 24 மாதங்களுக்கு வரும். அந்த சிம் அட்டைகள் மோசடிக் கும்பல்களிடம் போய்ச் சேர்ந்தால் விளைவு இன்னும் மோசம். 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்கீழ், தம் பெயரில் பதிவான சிம் அட்டையைக் குற்றச்செயலுக்குப் பயன்படும் வகையில் பிறருக்குக் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2024 ஏப்ரல் முதல், ஒருவர் பெயரில் புதிதாகப் பெறக்கூடிய மாதக்கட்டண இணைப்புகளுக்கும் 10 என்ற வரம்பு உள்ளது.

இளையர்களிடம் இதைப் பெற்றோர் பேசிவைப்பது நல்லது. 2009 மார்ச் முதல் சிங்கப்பூரில் 18 வயதானவர் சொந்தமாகப் பெரும்பாலான ஒப்பந்தங்களைச் செய்யலாம். தொழிற்கல்லூரியில் படிக்கும் மகனோ தேசிய சேவையில் இருப்பவரோ பெற்றோருக்குத் தெரியாமலேயே கையெழுத்திட முடியும். சந்தேகம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

பிரச்சினை வந்தால்

கடைக்குச் சென்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மனம் மாறி ரத்து செய்யும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. அழைக்காமலேயே வீட்டு வாசலுக்கு வந்து விற்றவரிடம் செய்த ஒப்பந்தத்தைத்தான், ஐந்து வேலை நாள்களுக்குள் ரத்து செய்யப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் இடம் தருகின்றன.

கைப்பேசியில் குறை இருந்தால், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிகள் கைகொடுக்கும். வாங்கி ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். பழைய கைப்பேசிகளுக்கும் இது பொருந்தும்.

கட்டணத் தகராறு என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துவழி முறையிடவேண்டும். தீர்வு கிட்டாவிட்டால், 2022 ஏப்ரலில் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தொடங்கிய மாற்றுத் தகராறுத் தீர்வுத் திட்டத்தை நாடலாம். சிங்கப்பூர் சமரச நிலையம் அதை நடத்துகிறது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் உதவும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். அங்கு வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும்.

தாளைப் படிக்காமல் கையெழுத்திடுவதன் விலையை 2014இல் சிம் லிம் ஸ்குவேரில் நடந்த விவகாரம் நாட்டுக்கே காட்டியது. கைப்பேசிக்குப் பணம் கட்டிய பிறகு, உத்தரவாதக் கட்டணம் என்று கூடுதலாக நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்கப்பட்டது. அந்தக் கடையின் உரிமையாளருக்கு அடுத்த ஆண்டு 33 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கடையில் கேட்கவேண்டிய ஏழு கேள்விகள்

1. முன்பணம், மாதக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 24 மாதங்களில் மொத்தம் எவ்வளவு?

2. இதே கைப்பேசி ஒப்பந்தமின்றி வேறு கடைகளில் என்ன விலை?

3. ஆறாவது, பன்னிரண்டாவது, பதினெட்டாவது மாதத்தில் முறித்தால் கட்டவேண்டியது எவ்வளவு?

4. காப்புறுதி, இசை, காணொளி போன்ற கூடுதல் சேவைகள் சேர்க்கப்பட்டுள்ளனவா? இலவசக் காலம் முடிந்ததும் அவற்றுக்குக் கட்டணம் தொடங்குமா?

5. தரவு தீர்ந்த பிறகு சேவை நிற்குமா, வேகம் குறையுமா, கட்டணம் ஏறுமா?

6. தவணைக்கு வட்டியோ நடைமுறைக் கட்டணமோ உண்டா? முன்கூட்டியே கட்டி முடிக்கலாமா?

7. ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? அதன் பிறகு மாதக் கட்டணம் என்ன?

விற்பனையாளர் வாய்மொழியாகத் தரும் வாக்குறுதி தாளில் இல்லையென்றால் அது இல்லாததற்குச் சமம். சலுகை இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினாலும், தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணக்கில் தேர்ந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மறுநாள் செல்வதில் தவறில்லை. பெற்றோருக்கு ஆங்கிலத் தாள் புரியாவிட்டால், பிள்ளைகள் உடன் சென்று ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் கேட்க வைத்த பிறகே கையெழுத்திடச் செய்யலாம்.